வெந்நீருக்கு எத்தனை அங்குலக் குழாய்?

மார்கழி மாதம். காலை 5 மணி. ஊரே பனியில் நடுங்கிக்கொண்டு இருக்கும் நேரம்.

என் தாயார் எழுந்துவிடுவார். அவருக்கு வயது 72. விடியும் முன்பு குளிப்பது அவரது பழக்கம். குனிந்து, வாளியில் இருந்து செம்பில் மொண்டு ஊற்ற அவரால் முடியாது. முதுகு வலி. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கை ஷவரில் குளிப்பார்.

வீட்டில் கீசர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் வெந்நீர் தயார். "அம்மாவுக்கு இனிக் கவலை இல்லை" என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் அதிகாலையில் எனக்கு விழிப்பு வந்தது. அம்மா குளித்துவிட்டு வெளியே வந்தார். உடம்பு வெடவெட என்று நடுங்கியது. கையைத் தொட்டேன். பனிக்கட்டி போல இருந்தது.

"என்னம்மா, கீசர் வேலை செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது."

"பின்னே ஏன் பச்சைத் தண்ணீரில் குளித்தாய்?"

அம்மா தயங்கினார். பிறகு சொன்னார்:

"வெந்நீர் வருவதற்குள் கால் வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே, ராசா! அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. தெருக் குழாயில் குடம் குடமாகத் தூக்கியவள் நான்."

மார்கழி பிறந்ததில் இருந்து அம்மா பச்சைத் தண்ணீரில்தான் குளித்து வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை.

குற்றவாளி யார்? கீசரா? இல்லை. கீசருக்கும் குளியல் அறைக்கும் நடுவே ஓடிய குழாய்தான்!

நான் செய்த தவறு

வீடு கட்டியபோது குழாய் வேலைக்கு வந்தவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"வெந்நீர் லைனுக்கு என்ன போடலாம் சார்? அரை இஞ்சா, முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா?"

நான் படித்தவன். ஆனால் குழாயைப்பற்றி எனக்கு என்ன தெரியும்? "பெரியதாகவே போடுங்கள். தண்ணீர் கொட்ட வேண்டும்" என்று சொன்னேன்.

அவரும் ஒரு அங்குலக் குழாய் போட்டார். கீசரை வீட்டின் பின்பக்கம், சமையல் அறைச் சுவரில் மாட்டினார். அங்கே இருந்து குளியல் அறைக்குக் குழாய் சுற்றிக்கொண்டு வந்தது. நீளம் 30 அடி.

பெரிய குழாய் போட்டால் தண்ணீர் கொட்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான பிளம்பர். 40 ஆண்டு காலமாகக் குழாய் வேலை செய்கிறவர்.

பாட்டில் பாட்டிலாக அளந்தார்

பெரியவர் வந்தார். பையைத் திறக்கவில்லை. எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "ஒரு வாளியும், ஒரு லிட்டர் பாட்டிலும் கொண்டு வாங்க தம்பி" என்றார்.

வெந்நீர்க் குழாயைத் திறந்தார். ஷவரின் கீழே வாளியை வைத்தார். ஒரு கையைத் தண்ணீரில் நீட்டினார். சூடு வந்ததும் மூடினார். கடிகாரத்தைப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

வாளியில் இருந்த தண்ணீரைப் பாட்டிலால் அளந்தார். ஐந்தரைப் பாட்டில்!

"பாத்தீங்களா தம்பி? நேத்து ராத்திரி கடைசியா குளிச்சவங்களுக்கு வந்த வெந்நீர், குழாய்லயே நின்னு ஆறிப் போச்சு. அது முழுக்க வெளியே வந்தாத்தான் புது வெந்நீர் வரும். குழாய் பெருசா இருந்தா, ஆறிப்போற தண்ணியும் பெருசு."

இவ்வளவுதான் விஷயம்! வெந்நீர்க் குழாய் என்பது வெறும் வழி மட்டும் அல்ல. அது ஒரு தொட்டியும் ஆகும். குளித்து முடித்துக் குழாயை மூடினால், அந்தத் தொட்டி நிறைய வெந்நீர் நிற்கிறது. அது ஆறுகிறது. அடுத்தவர் அதைக் கீழே கொட்டுகிறார்.

பச்சைத் தண்ணீர்க் குழாயில் இந்தத் தொல்லை இல்லை. முன்பு நின்ற தண்ணீரும் பச்சைத் தண்ணீர்தான். பின்னால் வருவதும் பச்சைத் தண்ணீர்தான். ஆகவே அங்கே குழாய் பெரிதாக இருந்தால் கெடுதல் இல்லை. வெந்நீருக்கு அப்படி இல்லை.

4, 9, 16

இனி ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள். சுலபமான கணக்குதான்.

அரை அங்குலக் குழாயைவிட ஒரு அங்குலக் குழாய் எத்தனை மடங்கு தண்ணீர் பிடிக்கும்? "2 மடங்கு" என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 4 மடங்கு பிடிக்கும்! குழாயின் வாய் அகலத்திலும் 2 மடங்கு, உயரத்திலும் 2 மடங்கு ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் நான்கு.

அரை, முக்கால், ஒன்று. இந்த மூன்று குழாய்களும் பிடிக்கும் தண்ணீர் 4, 9, 16 என்ற கணக்கில் ஏறிக்கொண்டு போகும்.

30 அடி நீளக் குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பாருங்கள்:

அரை அங்குலக் குழாய்: சுமார் 1.2 லிட்டர்.

முக்கால் அங்குலக் குழாய்: சுமார் 2.6 லிட்டர்.

ஒரு அங்குலக் குழாய்: சுமார் 4.6 லிட்டர்.

(இது குழாயின் உள்வாய் அளவை வைத்துப் போட்ட கணக்கு. குழாயின் தடிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.)

"4.6 லிட்டர்தானே நிற்கிறது? ஐந்தரை லிட்டர் வெளியே வந்தது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். குழாயும் சில்லிட்டுக் கிடக்கிறது அல்லவா? முதலில் வரும் வெந்நீரின் சூட்டைக் குழாயே குடித்துவிடுகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போன பிறகுதான் சூடு கைக்கு எட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு குடம்

ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு 6 தடவை வெந்நீர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் நடுவில் குழாய் ஆறிவிடுகிறது.

அரை அங்குலக் குழாயாக இருந்தால் சுமார் 7 லிட்டர் வீண். ஒரு அங்குலமாக இருந்தால் சுமார் 28 லிட்டர் வீண். வித்தியாசம் 21 லிட்டர். அதாவது நாள்தோறும் ஒரு குடத்துக்கு மேல்! ஆண்டுக்கு 7 ஆயிரத்து 600 லிட்டர்!

தண்ணீர் மட்டுமா போகிறது? அதைச் சுடவைத்த மின்சாரமும் போகிறது. 28 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்குச் சுடவைத்த தண்ணீர் குழாயில் நின்று ஆறினால், அந்தச் சூட்டுக்குக் கொடுத்த காசு காற்றோடு போச்சு. மேலே சொன்ன இரண்டு குழாய்களுக்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்குச் சுமார் 20 யூனிட் மின்சாரம்.

2019-ம் ஆண்டுக் கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. தெருவுக்குத் தெரு காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரெயில் வந்தது. அதில் வந்த தண்ணீர் 25 லட்சம் லிட்டர்.

ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த நாட்டில், வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு குடம் சாக்கடைக்குப் போகலாமா? அம்மாவின் மனசு கேட்காததில் என்ன வியப்பு!

பெரிய குழாயால் தண்ணீர் கொட்டுமா?

"சரி, பெரிய குழாய் போட்டால் தண்ணீராவது வேகமாக வருமே?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். கீசரின் அடியைக் காட்டினார்.

"தம்பி, ஹீட்டர் வாய் என்ன அளவு? அரை இஞ்சு. ஷவர் குழாய் வாய் என்ன அளவு? அதுவும் அரை இஞ்சு. நடுவுல மட்டும் ஒரு இஞ்சு போட்டீங்க. ரெண்டு சந்துக்கு நடுவுல ஒரு மைதானம்! மைதானத்துல கூட்டம் நிக்கும். சந்துல வேகமாப் போக முடியுமா?"

உண்மைதான். வீடுகளில் மாட்டும் 10 லிட்டர், 15 லிட்டர், 25 லிட்டர் கீசர்களுக்குப் பொதுவாக வாய் அரை அங்குலம்தான். நடுவில் இருக்கும் குழாயைப் பெரிதாக்கினால் ஓரளவுதான் உதவி.

சுவிட்சைப் போட்டவுடன் சுடும் சிறிய கீசர் இருக்கிறதே, அதற்குப் பெரிய குழாய் போடுவது இன்னும் வீண். 3 ஆயிரம் வாட் கீசரால், தண்ணீரின் சூட்டை 25 டிகிரி உயர்த்தி, நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர்தான் தொடர்ந்து தர முடியும். ஒரு அங்குலக் குழாய் 30 அடி இருந்தால், அது நிரம்பவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும்!

ரொம்பச் சிறியதும் ஆகாது

அப்படியானால், கிடைக்கிற சிறிய குழாயைப் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது.

குழாய்க்குள் தண்ணீர் சும்மா ஓடாது. குழாயின் சுவரோடு உரசிக்கொண்டு ஓடும். சந்து குறுகக் குறுக, உரசல் பலமாகும். ஒரே அளவு தண்ணீர் ஓடினால், முக்கால் அங்குலக் குழாயைவிட அரை அங்குலக் குழாயில் உரசல் சுமார் 7 மடங்கு.

நம் ஊர் வீடுகளில் மொட்டைமாடியில் தொட்டி இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருந்து இறங்குகிறதோ, அவ்வளவுதான் அதன் வேகம். மாடி வீட்டு ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே 6 அடி, 8 அடிதான் உயரம் இருக்கும். கீழ் வீட்டுக்கு இன்னும் 10 அடி கூடுதல்.

30 அடி நீள அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் ஓடட்டும். உரசலுக்கு மட்டும் சுமார் 2 அடி உயரம் செலவாகிவிடும். பரவாயில்லை, தாங்கலாம்.

அதே குழாயில் 2 குளியல் அறைகளுக்குச் சேர்த்து 12 லிட்டர் ஓடினால்? செலவு 2 மடங்கு அல்ல. சுமார் 7 அடி! மாடியில் இருப்பவருக்கு ஷவரில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கே முக்கால் அங்குலம் போட்டால் ஒரு அடிதான் செலவு.

ஆகவே ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: வெந்நீர்க் குழாய் போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் பெரிதாக இருக்கக் கூடாது.

எந்த வீட்டுக்கு எது?

பெரியவர் சொன்னதையும், கணக்கில் கண்டதையும் சேர்த்துக் கீழே தருகிறேன். வீடு கட்டுகிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. கீசர் குளியல் அறைக்கு உள்ளேயோ, அடுத்த சுவரிலோ இருக்கிறதா? ஒரு குளியல் அறை மட்டும்தானா? அரை அங்குலக் குழாய் போதும். வேறு யோசனையே வேண்டாம்.

2. ஒரு கீசரில் இருந்து 2 இடங்களுக்கு வெந்நீர் போகிறதா? இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கப்படுமா? பொதுவாக ஓடும் குழாயை மட்டும் முக்கால் அங்குலமாகப் போடுங்கள். பிரியும் இடத்தில் இருந்து கிளைகளை அரை அங்குலமாகப் போடுங்கள்.

3. மேல் மாடியில் குளியல் அறை. தொட்டிக்கும் ஷவருக்கும் உயரம் குறைவு. கீசரும் தூரத்தில் இருக்கிறது. இங்கே முக்கால் அங்குலம் தேவைப்படலாம். ஆனால் குழாயைப் பெரிதாக்குவதற்கு முன்பு, கீசரைப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். தொட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட முடியுமா என்றும் பாருங்கள்.

4. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்திருக்கிறீர்களா? கீழ் வீட்டுக் குளியல் அறைக்கு உயரம் தாராளமாக இருக்கிறது. ஆகவே ஒரு அறைக்கு அரை அங்குலமே போதும். குழாய் நேராக, குறுக்கு வழியில் இறங்கட்டும். அதன் மேல் சூடு போகாத நுரை உறை போடுங்கள்.

5. தொட்டியில் இருந்து இறங்கும் பச்சைத் தண்ணீர்க் குழாய் தாராளமாக இருக்க வேண்டும். அதில் ஒரு அங்குலமோ, ஒன்றேகால் அங்குலமோ போடுங்கள். குளியல் அறைக்குப் பிரியும் கிளை முக்கால் அங்குலம் இருப்பது நல்லது.

ஐந்தாவது விஷயத்துக்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் ஷவரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து குளித்துக்கொண்டு இருப்பீர்கள். அப்போது வீட்டில் வேறு யாராவது கக்கூசில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாய் சிறிதாக இருந்தால், அந்தத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். உங்கள் தலையில் வெறும் வெந்நீர் கொட்டும்! குழந்தைகள் குளிக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து.

என்ன குழாய் வாங்குவது?

அளவு சரியாக இருந்தால் போதாது. குழாயின் சாமானும் சரியாக இருக்க வேண்டும்.

பச்சைத் தண்ணீருக்குப் போடும் சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீருக்கு ஆகாது. சூட்டில் அது இளகும். வளையும். இணைப்பு விட்டுப்போகும். வெந்நீருக்கு என்று சி.பி.வி.சி. குழாய் வருகிறது. பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண் குழாயின் மேலேயே அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சி.பி.வி.சி. குழாய் சூட்டில் நீளும். 10 அடிக் குழாயில் 30 டிகிரி சூடு ஏறினால், அது சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். ஆகவே அசைய இடம் இல்லாமல் இறுக்கிக் கட்டக் கூடாது.

பழைய வீடுகளில் இரும்புக் குழாய் இருக்கும். உப்புத் தண்ணீர் ஓடினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து, வாய் குறுகிவிடும். "முன்பு நன்றாக வந்தது, இப்போது வரவில்லை" என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பெயர் வந்த கதை

"கீசர்" என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா?

ஐஸ்லாந்து என்று ஒரு பனி நாடு. அங்கே பூமிக்குள் இருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும் ஊற்று ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கெய்சிர். 1868-ம் ஆண்டு பெஞ்சமின் வாடி மாகன் என்ற ஆங்கிலேயர், கேஸ் நெருப்பில் தண்ணீரைச் சுடவைக்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்கு அந்த ஊற்றின் பெயரையே வைத்தார்.

அந்த எந்திரத்தில் ஒரு பெரிய குறை. புகை வெளியே போக வழி இல்லை!

கேஸ் கீசரில் அந்த ஆபத்து இன்றும் இருக்கிறது. மூடிய குளியல் அறைக்குள் கேஸ் கீசர் எரிந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. குளிப்பவர் மயங்கி விழுவார். உயிரே போய்விடும். கேஸ் கீசரைக் குளியல் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும். "குழாய் நீளமாகிறதே" என்று உள்ளே கொண்டுவராதீர்கள். தண்ணீரைவிட உயிர் பெரிது.

சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

மின்சாரக் கீசரிலும் எச்சரிக்கை வேண்டும்.

தண்ணீர் சுட்டால் விரியும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சுடவைத்தால் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு தம்ளர் தண்ணீர் கூடுதலாகும். அது எங்கே போகும்? அதற்காகத்தான் கீசரில் ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். சுடும்போது அது கொஞ்சம் சொட்டும். "ஒழுகுகிறது" என்று நினைத்துச் சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் கீசரே வெடிக்கக்கூடும். வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

கீசருக்குத் தனியாக 16 ஆம்பியர் பிளக்கும், நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். குளிக்கும் முன்பு சுவிட்சை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைக்கு வாளியில் தண்ணீர் கலக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கு வழி என்ன?

"நாங்கள் ஏற்கெனவே பெரிய குழாய் போட்டுவிட்டோமே! சுவரை இடிப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். காசு இல்லாத வழிகள் இருக்கின்றன.

காலையில் குளிப்பவர்கள் அடுத்தடுத்துக் குளியுங்கள். ஒருவர் குளித்து அரை மணி நேரம் கழித்து இன்னொருவர் போனால் குழாய் ஆறிவிடும். உடனே போனால் குழாயில் சூடு இருக்கும். முதல் ஆளுக்கு மட்டும்தான் வீண்.

வாளியில் குளிக்கிறவர்களுக்கு வீணே இல்லை. முதலில் வரும் பச்சைத் தண்ணீரையும் வாளியிலேயே பிடியுங்கள். எப்படியும் வெந்நீரோடு பச்சைத் தண்ணீர் கலக்கத்தானே வேண்டும்? ஷவரில் குளிக்கிறவர்கள் முதல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம்.

கைக்கு எட்டும் இடத்தில் குழாய் வெளியே ஓடினால் நுரை உறை போடுங்கள். சூடு சீக்கிரம் போகாது.

உங்கள் வீட்டுக் குழாய் எப்படி என்று தெரிய வேண்டுமா? நாளைக் காலையில் ஒரு வாளியும், ஒரு லிட்டர் பாட்டிலும் எடுங்கள். சூடு வரும் வரை பிடித்து அளந்து பாருங்கள். ஒரு லிட்டருக்குள் இருந்தால் உங்கள் பிளம்பர் கெட்டிக்காரர். 3 லிட்டருக்கு மேல் போனால் யோசிக்க வேண்டிய விஷயம்.

அம்மாவின் செம்பு

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

பெரியவர் ஒரு அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டார். அதை வாயடைத்து மூடினார். கீசரைப் பின்பக்கத்தில் இருந்து கழற்றி, குளியல் அறையின் வெளிச்சுவரில் மாட்டினார். அங்கே இருந்து அரை அங்குலக் குழாய். நீளம் 8 அடிதான். ஒரே நாள் வேலை. எலெக்ட்ரீசியன் வந்து பிளக்கை மாற்றிக்கொடுத்தார்.

மறுநாள் காலை 5 மணி. நானும் எழுந்தேன். அம்மா ஒரு செம்பை எடுத்துக்கொண்டு குளியல் அறைக்குப் போனார். முதலில் வரும் தண்ணீரை அதில் பிடிக்கப் போகிறாராம்!

உள்ளே இருந்து குரல் வந்தது:

"டேய், செம்பு நிறையவே இல்லையடா! அதற்குள் சுடுகிறது!"

குளித்து வெளியே வந்தார். செம்பில் இருந்த தண்ணீரைக் கொண்டுபோய்த் துளசிச் செடிக்கு ஊற்றினார். கையைத் தொட்டுப் பார்த்தேன்.

கதகதப்பாக இருந்தது.